பிடியில் முறிந்தவை

ஜூன் 5, திங்கள்

காலை ரத்த அழுத்தம் 148/86. தண்ணீர் மோட்டாருக்கு வாஷர் மாற்றினேன். கசிவு நின்றது.

பதினொரு மணிக்கு ஒரு பெண் வீட்டு எண்ணை விசாரித்துக்கொண்டு வந்தார். பெயர் பூங்கோதை. நாற்பது வயதிருக்கலாம். சூலூர் பக்கம் சிறிய தொழிற்சாலை நடத்துகிறார். நர்சரிக்காரர்கள் தக்காளி, கத்தரி நாற்று விடும் குழித்தட்டுகளை மக்கும் பிளாஸ்டிக்கில் செய்து தருகிறார். பிளாஸ்டிக்கோடு முப்பது சதவீதம் சுண்ணாம்புக்கல் பொடி கலக்கிறார். பொடி கலந்த தட்டு விறைப்பாக நிற்கும், ஆனால் எளிதில் முறியும். பொடியும் பிளாஸ்டிக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதில்லை. பொடிக்கு முதலில் சிலேன் என்ற ரசாயனப் பூச்சைக் கொடுத்துவிட்டால் இரண்டும் பிடித்துக்கொள்ளும் என்று 2001இல் நான் ஒரு கட்டுரை எழுதினேன். அந்தக் கட்டுரையின் நகலை அவர் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பல வரிகளுக்கு மஞ்சள் கோடு இழுத்திருந்தார்.

"சார், எங்க ரெசிபியே இதுதான். உங்களுக்கு வலிமை நாற்பத்திரண்டு வந்திருக்கு. எங்களுக்கு இருபத்தொன்பதைத் தாண்டவே மாட்டேங்குது. எங்கேயோ நாங்க தப்புப் பண்றோம். ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

நாற்பத்திரண்டு மெகாபாஸ்கல். அந்த எண்ணை இன்னொருவர் வாயால் கேட்டு நெடுநாளாயிற்று.

உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் போனதும் மனைவி விசாலம் கேட்டாள்: "ரிட்டையர் ஆகிப் பதிமூணு வருஷம் கழிச்சு புரொபசரைத் தேடி ஒருத்தி வந்திருக்கா. நீங்க ஏன் வீட்டுக்குப் போலீஸ் வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

வெயில் என்றேன்.

ஜூன் 7, புதன்

தொழிற்சாலைக்குப் போனேன். தகரக் கூரை, நான்கு எந்திரங்கள். பொடியையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து உருக்கும் எந்திரத்தை வெள்ளிங்கிரி என்பவர் பார்த்துக்கொள்கிறார். நாற்பத்தாறு வயது. முன்பு நூற்பாலையில் இருந்தவர். சோதனை எந்திரமும் அவர் பொறுப்புதான். எலும்பு வடிவில் வார்த்த சிறு துண்டை மேலும் கீழும் இரண்டு தாடைகளில் கவ்வி, முறியும்வரை இழுத்து, எந்த விசையில் முறிந்தது என்று காட்டும் எந்திரம் அது.

நான் உட்கார்ந்ததும் பூங்கோதை அவரைக் கூப்பிட்டார்.

"சார்கிட்டச் சொல்லுங்க. பொடியை எத்தனை மணி நேரம் காய வெக்கறீங்க?"

"ஆறு மணி நேரமுங்க."

"காய வெக்கறது ஆறா, நோட்டுல எழுதறது ஆறா?"

"அந்த அடுப்புப் பக்கத்துலயே உக்காந்துதானுங்க சோறு திங்கறேன். எந்தூட்டுச் சாம்பாரும் இத்தனை சூடா இருக்காதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஈரம் இருந்தால் இந்த வகைப் பிளாஸ்டிக் உருகும்போதே சிதைந்துவிடும். ஆகவே பூங்கோதையின் சந்தேகம் நியாயமானது. "அதே பொடி, அதே பூச்சு. புரொபசர் எடுத்தது நாற்பத்திரண்டு. மாறினது கை மட்டும்தான்," என்றார் அவர். ஆடிப் பட்டத்துக்கு நாற்று விட, ஜூலை பத்தாம் தேதிக்குள் நாற்பதாயிரம் தட்டுகள் நர்சரிகளுக்குப் போயாக வேண்டும். மாதக் கடைசிக்குள் அளவு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக என் எதிரிலேயே அவரிடம் சொன்னார்.

வெள்ளிங்கிரி என்னைப் பார்த்தார். நான் தேநீரைக் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

ஜூன் 8, வியாழன்

போகவில்லை. 156/90.

ஜூன் 10, சனி

பொடியின் ஈரத்தை நானே மூன்று முறை அளந்தேன். மூன்றிலும் அனுமதிக்கப்பட்ட அளவில் பாதிகூட இல்லை. வெள்ளிங்கிரி சொன்னது முழுக்க உண்மை. அவர் எந்திரத்தைக் கையாளும் விதத்தையும் கவனித்தேன். தாடையில் துண்டை மாட்டும்போது ஒவ்வொரு முறையும் மட்டக்கோல் வைத்துப் பார்க்கிறார். எங்கள் கல்லூரிச் சோதனைச் சாலையில்கூட அப்படிச் செய்ததில்லை.

நோட்டில் "ஈரம் காரணமல்ல" என்று எழுதினேன். பூங்கோதை வந்து, "என்ன சார், காயலைதானே?" என்று கேட்டார். "இன்னும் இரண்டு மூன்று நாள் பார்த்துவிடலாம்," என்றேன்.

இது பொய்யல்ல. ஆனால் நோட்டை அவரிடம் காட்டவில்லை.

ஜூன் 12, திங்கள்

பரணிலிருந்து 2001ஆம் ஆண்டுப் பதிவேட்டை இறக்கினேன். ஏணியை விசாலம் பிடித்துக்கொண்டாள்.

ஒரு விதியை இங்கே குறித்துவைக்கிறேன். துண்டு நடுவில் முறிந்தால் அது பொருளின் பலவீனத்தைக் காட்டுகிறது. தாடைக்குள் முறிந்தால், கவ்விய இடத்தில் ஏற்பட்ட காயத்தால் முறிந்திருக்கிறது என்று பொருள். அந்த அளவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. "பிடியில் முறிவு" என்று எழுதி ஒதுக்கிவிட வேண்டும். உலகம் முழுவதும் இதுதான் நடைமுறை. நானும் அப்போது ஒரு சில துண்டுகளை அப்படி ஒதுக்கினேன்.

பதிவேட்டில் பூச்சி அரித்திருக்கிறது. எண்கள் தெளிவாகவே இருக்கின்றன.

ஜூன் 14, புதன்

மதியம் வெள்ளிங்கிரியோடு சாப்பிட்டேன். அவர் மனைவி செய்த பச்சைப்பயறுக் கடைசலை எனக்கும் வைத்தார். மில் மூடியபோது ஒன்றரை வருடம் வேலை இல்லாமல் இருந்ததையும், இங்கே சேர்ந்த பிறகுதான் மாமனார் தன்னை நிமிர்ந்து பார்த்ததையும் சொன்னார். "அதுவும் பாதி முகந்தானுங்க திருப்புனாரு," என்றார்.

பிறகு என் கட்டுரையைப் பற்றிக் கேட்டார். பூங்கோதை அதைத் தமிழில் படித்துக் காட்டியிருக்கிறார். பிடியில் முறிந்தவற்றை ஏன் ஒதுக்க வேண்டும் என்று கேட்டார். விளக்கினேன். உடனே புரிந்துகொண்டார். வேறு ஒன்றிரண்டு கேள்விகளும் கேட்டார். பதில் சொன்னேன்.

திரும்பும் வழியில் மாத்திரை வாங்கினேன்.

ஜூன் 15, வியாழன்

மேலே 12ஆம் தேதி "ஒரு சில" என்று எழுதியிருப்பது சரியல்ல. ஒன்பது.

ஜூன் 19, திங்கள்

பூங்கோதை காலையிலேயே தொலைபேசியில் அழைத்தார். "வந்துடுச்சு சார். நாற்பத்திரண்டு புள்ளி மூணு." குரலில் அழுகை கலந்திருந்தது.

நான் போனபோது எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிங்கிரி தலைக்குக் குளித்து, திருநீறு பூசி வந்திருந்தார். என்னைத் தனியாக அழைத்துப்போய் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் காட்டினார்.

"பதினாறு துண்டு இழுத்தனுங்க சார். அஞ்சுதான் தேறுச்சு. மீதி பதினொண்ணும் பிடியில முறிஞ்சதுங்க."

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பிடியிலிருந்து இரண்டு விரல் தள்ளி முறிந்திருந்தது. இன்னொன்று சரிநடுவில்.

"இதெல்லாமா?" என்றேன்.

"மொதல்ல எனக்கும் சந்தேகமாத்தானுங்க இருந்துது. நீங்கதான் சொன்னீங்களே, பிடிக்குத் தள்ளி முறிஞ்சாலும் பிடிதான் காரணமா இருக்கும், பழகப் பழகக் கண்ணுக்குத் தெரியும்னு. பழகிருச்சுங்க. கம்மியா வர்றது எல்லாமே பிடியில முறிஞ்சதாத்தான் இருக்குது."

அவர் கிண்டல் செய்யவில்லை. முகத்தை நன்றாகப் பார்த்தேன். ஒரு தொழிலைக் கற்றுக்கொண்ட மனிதனின் சந்தோஷம் அதில் இருந்தது.

பூங்கோதை சோதனை அறிக்கையைக் கொண்டுவந்தார். நர்சரிக்காரர்களிடம் காட்ட வேண்டுமாம். "சரிபார்த்தவர்" என்ற இடத்தில் என் பெயரை ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தார்கள். முனைவர் கு. வைத்தியலிங்கம், பேராசிரியர் (ஓய்வு).

கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 20, செவ்வாய்

தண்ணீர் ஏழு மணிக்கு வந்தது. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 21, புதன்

எழுத இருக்கிறது.

வாளியிலிருந்து நான்கு துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். இன்று பழைய நுண்ணோக்கியில் முறிந்த முகத்தைப் பார்த்தேன். பொடி திரண்டிருந்த இடங்களில் எல்லாம் வெறும் குழிகள். புளியம்பழத்திலிருந்து கொட்டை கழன்றால் அந்த இடம் எப்படி வழவழவென்று இருக்குமோ அப்படி. பிடிமானம் இருந்திருந்தால் பொடியின் மேல் பிளாஸ்டிக் இழை இழையாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். ஒன்றில்கூட இல்லை.

இதே குழிகளை 2001இலும் பார்த்தேன். பதினெட்டுப் படங்கள் எடுத்தோம். இழை ஒட்டியிருந்தது ஒரே ஒரு படத்தில், அதுவும் ஒரு மூலையில். கட்டுரையில் அந்தப் படத்தைத்தான் போட்டேன். சிலேன் பூச்சு கண்ணாடியைப் பிடிக்கும், களிமண் வகைகளைப் பிடிக்கும். சுண்ணாம்புக்கல்லில் அதற்குப் பிடிமானம் சொற்பம் என்பதை நானே மாணவர்களுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

மொத்தம் இழுத்தவை பத்தொன்பது. "பிடியில் முறிவு" என்று எழுதியவை பதினான்கு. உண்மையில் தாடைக்குள் முறிந்தவை இரண்டு. ஒன்பது என்று எழுதியதும் சரியல்ல.

அந்த ஆண்டு பேராசிரியர் பதவிக்கு நேர்முகம் இருந்தது. எனக்கு ஒரு கட்டுரை குறைந்தது. இதைக் காரணமாக எழுதவில்லை, விவரமாக எழுதுகிறேன். முதல் துண்டை ஒதுக்கும்போது கை தயங்கியது. ஐந்தாவதற்குப் பிறகு, உண்மையாகவே பிடியில்தான் முறிகின்றன என்று நான் நம்பத் தொடங்கிவிட்டேன். வெள்ளிங்கிரி சொன்னது போலவே, பழகிவிட்டது.

ஜூன் 23, வெள்ளி

தட்டுகள் ஓடத் தொடங்கிவிட்டன. ஒரு நாளைக்கு மூவாயிரம். மண்ணும் ஈரமும் நாற்றுமாகக் கனத்த தட்டை ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் அது நடுவில் முறியும். வேர் அறுந்த நாற்று பிழைக்காது. நர்சரிக்காரர்கள் பூங்கோதையைக் கேட்பார்கள். பூங்கோதை யாரைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

சொல்லத்தான் போனேன். வெள்ளிங்கிரி ஓடிவந்து என் கைப்பையை வாங்கிக்கொண்டார். இந்த மாதத்திலிருந்து அவரை மேற்பார்வையாளர் ஆக்கியிருக்கிறார்கள்.

"மாமனாருக்கு போன் பண்ணிச் சொன்னனுங்க. முழு முகமும் எம்பக்கம் திருப்பிட்டாரு," என்றார்.

பத்து நிமிடம் இருந்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 24, சனி

விசாலத்திடம் சொன்னேன். முதலில் இருந்து கடைசிவரை. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அந்த வருஷம் புரொபசர் ஆயிட்டீங்கன்னு நான் தெருவுக்கே கேசரி கிண்டிக் குடுத்தேன்," என்றாள்.

பிறகு கீரைத் தண்டுகளை முறத்தின் ஓரத்தில் ஒதுக்கினாள்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நான் தட்டா செய்யறேன்? போய் அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க."

"எழுதிக்கொண்டு போகிறேன். பேச்சில் தடுமாறிவிடும்."

"எழுதுங்க. எதுக்கும் ஒரு பேப்பர் வேணும் உங்களுக்கு."

ஜூன் 25, ஞாயிறு

இரண்டு பக்கம் எழுதினேன். நான்கு முறை படி எடுத்தேன். 2001இல் நடந்தது எதையும் விடவில்லை.

ஜூன் 26, திங்கள்

பூங்கோதையின் அறையில் கதவைச் சாத்திவிட்டு இரண்டு பக்கத்தையும் படித்தேன். அவர் குறுக்கிடவில்லை. முடித்ததும் மேசை மேலிருந்த என் கட்டுரையைத் தன் பக்கம் இழுத்து, மஞ்சள் கோட்டின் மேல் கட்டைவிரலால் தேய்த்தார்.

"அப்போ எது நிஜம் சார்?"

"இருபத்தொன்பது."

"இருபத்தொன்பதுதான் நிஜம்னா, எங்களுக்கு எப்படி நாற்பத்திரண்டு வந்துச்சு?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைத்திருக்க வேண்டும். இரண்டு பக்கங்களில் அதற்குப் பதில் இல்லை. எழுதும்போது தோன்றவே இல்லை என்று இங்கே எழுத வந்தேன். அதுவும் உண்மையல்ல. தோன்றியது. எழுதவில்லை.

பூங்கோதை வெள்ளிங்கிரியைக் கூப்பிட்டு வாளியைக் கொண்டுவரச் சொன்னார். துண்டுகளை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"நடுவுல முறிஞ்சதெல்லாம் பிடியில முறிஞ்சதுன்னு போட்டிருக்கீங்க. வேலை போயிடும்னு பொய்க்கணக்கு எழுதுனீங்களா?"

"பொய்யெல்லாம் இல்லீங்க மேடம். சார்தானுங்க சொன்னாரு."

"சார் சொன்னாரா? சார் இப்பத்தான் தன் தப்பையே ஒத்துக்கிட்டு உக்காந்திருக்கார். அவர் மேலயே போடறீங்களா?"

வெள்ளிங்கிரி என் பக்கம் திரும்பினார். "சார், சொல்லுங்க சார்."

நான் வாயைத் திறந்தேன். சொல்லாமல் மேசையிலிருந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் அளக்கிறவன் அதை அளக்கவில்லை. பூங்கோதை, "நாளையிலிருந்து வர வேண்டாம்," என்று அவரிடம் சொன்னது காதில் விழுந்தது. அவர் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார், ஏதோ ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டது போல. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வண்டி கிளம்பும் சத்தம் கேட்ட பிறகு சொன்னேன்: "அவர் கேட்டார். நான்தான் அப்படிச் சொன்னேன்."

பூங்கோதை துண்டுகளை வாளியில் அள்ளிப் போட்டார்.

"அவர் இங்கே நிக்கும்போது ஏன் சார் சொல்லலை?"

என் பதிலுக்குக் காத்திராமல், எந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஜூன் 27, செவ்வாய்

162/94. விசாலம் பார்த்துவிட்டு, "மாத்திரையால இறங்கற பிரஷர் இல்ல இது," என்றாள்.

ஜூன் 28, புதன்

பூங்கோதையிடம் முகவரி வாங்கிக்கொண்டு வெள்ளிங்கிரி வீட்டுக்குப் போனேன். இரண்டு பேருந்து மாற வேண்டும். அவர் மனைவி கதவைத் திறந்து, நான் யார் என்று தெரிந்ததும், உள்ளே வாருங்கள் என்று சொல்லாமல் அவரைக் கூப்பிடப் போனார்.

வெள்ளிங்கிரி வாசலிலேயே நின்றார்.

"நீங்கள் போன பிறகு மேடத்திடம் சொல்லிவிட்டேன்," என்றேன்.

"சொன்னாங்க. போன்ல. வேலைக்கு வாங்கன்னும் சொன்னாங்க. நான் வரலீன்னுட்டேன்."

"ஏன்?"

"அங்க அத்தனை பேரும் நான் டப்பாவைத் தூக்கிட்டுப் போனதைப் பாத்தாங்க. நீங்க சொன்னதை ஒருத்தரும் கேக்கலீங்களே. எழுதிக் குடுங்க சார். நோட்டீஸ் போர்டுல ஒட்டச் சொல்றேன். அப்புறம் வர்றேன்."

அவர் மனைவி ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து எழுதினேன். "சோதனை முறையை விளக்கியபோது தவறான புரிதல் ஏற்பட்டுவிட்டது. இதில் திரு. வெள்ளிங்கிரியின் மேல் எந்தக் குற்றமும் இல்லை."

அவர் படித்தார்.

"யாருக்குங்க தவறான புரிதல்? எனக்குச் சரியாத்தானுங்க புரிஞ்சுது."

அடித்துவிட்டு எழுதினேன்: "நான் தவறாகச் சொல்லிக்கொடுத்தேன்."

"தெரியாமச் சொல்லிட்டீங்களா?"

"இல்லை."

"அப்ப அதைப் போடுங்க."

"தெரிந்தே" என்று மேலே சேர்த்தேன். அந்த ஒரு சொல் மட்டும் பெரிதாக விழுந்தது. அவர் அதைத் திரும்பவும் படித்து, நான்காக மடித்தார்.

"சார், ஒண்ணு கேக்கறேன். அந்தக் காலத்துல பதினாலு துண்டை ஒதுக்கினீங்கன்னு மேடம் சொன்னாங்க. உங்களுக்கு யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்லை. நானேதான்."

"அப்ப நான் தேவலாமுங்க. எனக்கு வாத்தியார் இருந்தாரு."

சிரிக்காமல் சொன்னார். அவர் மனைவி உள்ளே சிரித்தது கேட்டது.

ஜூன் 30, வெள்ளி

ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினேன். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் பத்தொன்பது, பதினான்கு, இரண்டு என்ற மூன்று எண்களையும் கொடுத்தேன்.

ஜூலை 3, திங்கள்

காலை பூங்கோதை தொலைபேசியில் பேசினார். வெள்ளிங்கிரிக்கு நான் எழுதிக்கொடுத்த தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். வெள்ளிங்கிரி இன்று வேலைக்கு வந்துவிட்டார். செய்து வைத்திருந்த தட்டுகளை அரைத்துவிட்டார்கள். ஆடிப் பட்டத்துக்கு நாற்பதாயிரம் கொடுக்க முடியாது. பொடியைப் பத்து சதவீதமாகக் குறைத்து முடிந்த மட்டும் கொடுக்கிறார்கள். இரண்டு நர்சரிகள் வேறு இடம் பார்த்துக்கொண்டுவிட்டன. சுண்ணாம்புக்கல்லுக்குப் பதில் வேறு தாதுப்பொடியில் பூச்சு பிடிக்கிறதா என்று வெள்ளிங்கிரி நாளை முதல் இழுத்துப் பார்க்கிறார். எந்தத் துண்டையும் ஒதுக்காமல்.

"நானும் வந்து உதவட்டுமா?" என்று கேட்டேன். பதிவேடு எழுதவாவது.



"வேண்டாம் சார். நீங்க வர வேண்டாம்."

சரி என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வருத்தமாக இருந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். வருத்தம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. இனி வெள்ளிங்கிரியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. அதையும் ஒதுக்காமல் எழுதிவைக்கிறேன்.